பக் டிக்கெட்டின் அகத்திணை இயல்

மென்பொருள் பழுதை ஆராய்ந்தோர் பலர். அதைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவரின் நெஞ்சை ஆராய்ந்தோர் இலர். இக்குறை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட நிலம் பெங்களூரு, மென்பொருள் குளஸ்டர்எஃப்எஸ். பல கணினிகளின் வட்டுகளைச் சேர்த்து ஒரே கிடங்காகக் காட்டும் திறமூல ஆக்கம் அது. அதை ஆக்கியது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஏ.பி. பெரியசாமி இணைந்து தொடங்கிய குளஸ்டர் நிறுவனம். தலைமையகம் கலிஃபோர்னியா, டெவலப்பர்களில் பலர் பெங்களூரில். 2011இல் அதை ரெட் ஹேட் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. பழுதுகள் ரெட் ஹேட்டின் பக்ஸில்லா என்னும் பதிவேட்டில் டிக்கெட்டுகளாகப் பதிவாயின.

அங்கே டிக்கெட் 'நியூ' எனப் பிறக்கும். ஆள் கிடைத்தால் 'அசைண்டு'. திருத்தம் பரிசீலனைக்குப் போனால் 'போஸ்ட்', ஏற்கப்பட்டால் 'மாடிஃபைடு', சோதிப்பவர் கைக்கு வந்தால் 'ஆன் கியூஏ', கடைசியில் 'க்ளோஸ்டு'.

இந்நிலைகளைத் திணைகளாகப் பகுத்தால், நியூவிலேயே கிடப்பது கைக்கிளை. ஒருவர் மட்டுமே பேசுகிறார். (அசைண்டு ஆனபின்பும் கைக்கிளையாகவே தொடர்வதுண்டு.) போஸ்ட் குறிஞ்சி என்பாரும் உளர். திருத்தத்தை வரிவரியாகக் குறைசொல்லித் திருப்பி அனுப்புவதைக் கண்டவர்கள் அதை ஊடல் என்றே அறிவர், எனவே மருதம்.

காத்திருத்தலுக்குரிய முல்லைதான் விரிவாகப் பேசத்தக்கது. "லாக் அனுப்பவும்" என்று எழுதி, விவரம் தேவை என்னும் நீட்இன்ஃபோ கொடியை ஏற்றிவிட்டு டெவலப்பர் காத்திருக்கிறார். பதிந்தவரோ, இனி டெவலப்பர்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார். தலைவனும் தலைவியும் ஒரே நேரத்தில் வாயிலில் நின்று வழிபார்ப்பது சங்கப் புலவர்க்கும் எட்டாத துறை. முல்லைக்குச் சிறுபொழுது மாலை. குளஸ்டர் சமூகத்தின் டிக்கெட் தரம்பிரிக்கும் கூட்டம் செவ்வாய்தோறும் உலகப் பொதுநேரம் 12.00க்கு நடந்தது, பெங்களூரில் அது மாலை 5.30! மழைக்காலமானால் பெரும்பொழுதும் பொருந்திவிடும். (பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கியோரின் இருத்தல் தனி ஆய்வுக்குரியது.) அக்கூட்டத்தில், எந்தப் பதிப்பு, எந்தப் பகுதி, முன்பே பதிந்ததா, விவரம் போதுமா என்று பார்த்து 'ட்ரையேஜ்டு' எனக் குறித்தார்கள். பழுது அப்படியே இருக்கும். முகவரி மட்டும் சரியாகியிருக்கும்.

இரங்கலுக்குரிய நெய்தல், பதிப்பின் ஆயுள் முடியும்போது வரும். அப்பதிப்பில் பதிந்தவை மொத்தமாக மூடப்படும், பழுது நீங்கினாலும் நீங்காவிட்டாலும். இதைக் கொடுமை என்பார் கூற்றை மறுக்கிறேன். யாரும் பராமரிக்காத பதிப்பின் டிக்கெட்டைத் திறந்தே வைத்தால் இன்னொருவரும் அதை நம்பிக் காத்திருப்பார். மூடுவதே நேர்மை.

2020இல் டிக்கெட்டுகள் எல்லாம் கிட்ஹப்புக்குப் போயின. அங்கே ஓபன், க்ளோஸ்டு என நிலை இரண்டே; திணைகளெல்லாம் லேபிள்களாயின. ஏறத்தாழ ஆறு மாதம் அசையாத டிக்கெட்டை ஒரு தானியங்கி நிரல் 'ஸ்டேல்' என்று குறித்தது; மேலும் இரண்டு வாரம் யாரும் வாய்திறக்காவிட்டால் மூடிவிட்டது. ஆகவே முல்லையில் இருக்கும் வாசகர்களே, பழுது இன்னும் இருக்கிறதா என்று புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, லாகோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.