எட்டு நிமிட வாதமும் எண்ணூர் விரைவுச் சாலையும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நாட்டுக்கு ஓர் அணி. 2019இல் பாங்காக்கில் இந்திய அணியே பட்டம் வென்றது. இவ்வளவு நடந்தும், அணியின் ஐந்து பேரும் வடசென்னையின் திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர்ப் பிள்ளைகளாக அமைந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார் எவருமிலர். அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. அப்படியோர் அணி கிளம்புகிறது என்று கொள்க. ஒரு சுற்றில் மேடையேறுவோர் மூவர். மற்ற இருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வர். இவ்வணி இன்னும் அமையவில்லை என்பது ஆய்வுக்குத் தடையன்று.

2. முன்னோர் வழக்கும் போக்குவரத்தும்

வாதாட ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் புதிதன்று. மணிமேகலை காட்டும் புகாரில் பட்டிமண்டபம் இருந்தது. குண்டலகேசி நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்தாள். நீலகேசி அவளைத் தேடிப் போய் வென்றாள். ஆக, பெண் பேச்சாளர், வெளியூர்ப் பயணம், இறுதிச் சுற்று மூன்றுக்கும் இலக்கியச் சான்று உண்டு. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ராயபுரத்தார் 1856லேயே வாலாஜா ரோடுக்கு ரயில் ஏறியவர்கள். பயணம் அவர்களுக்குப் பழகிய சங்கதி. இன்று விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். வழியனுப்ப வரும் ஆயா, மாமா, சித்தி, சித்தியின் பக்கத்து வீட்டார் அனைவருக்கும் ஆட்டோ பேரம் மிச்சம். பேரம் மிச்சமானதால் அன்றைய பேச்சுப் பயிற்சி நஷ்டம் என்பதையும் நடுநிலையோடு பதிவு செய்கிறோம்.

3. விதிகளும் களமும்

ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி குறுக்கிடக் கூடாது. இடைப்பட்ட ஆறு நிமிடத்தில் அவர்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பேசுபவர் ஏற்கலாம், மறுக்கலாம்.

காசிமேட்டு மீன் ஏலத்தில் இப்படிக் காவல் போட்ட நிமிடம் எதுவும் கிடையாது. வஞ்சிரக் கூடைக்கு விலை சொல்லி வாய் மூடுமுன் நாலு பேர் குறுக்கே விழுவார்கள். "இன்னாபா, நேத்து மீனா இது?" என்பதைக் கேள்வி என்று மட்டும் கொள்வது மேலோட்டமான வாசிப்பு. எதிராளியின் தரவே பழையது என்ற கண்டனம் அதில் அடங்கியிருக்கிறது. "செவுளைத் தூக்கிப் பாரு நைனா!" என்ற பதில், ஆதாரத்தை எதிராளி கையாலேயே திறக்க வைக்கும் உத்தி. அதன் பிறகு நடுவர் தேவைப்படுவதில்லை.

இனி, உடனடித் தலைப்புச் சுற்று. தலைப்பு கைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் தயாராக வேண்டும், கைபேசி கூடாது. ஒரு மணி நேரம் என்பது எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நிற்கும் நேரம். முன்லாரி நகர்வதற்குள் ஆட்சி, கிரிக்கெட், மாமியார் ஆகிய மூன்று தலைப்பும் இருபக்கமும் பேசி முடிக்கப்பட்டுவிடும். 'விரைவு' என்ற சொல் அச்சாலையின் பெயரில் எப்படிப் புகுந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

4. கட்சி மாறுதல்

எந்தப் பக்கம் பேசுவது என்பதை அணி விரும்பியபடி முடிவு செய்ய முடியாது. 'ஆலைகள் ஊருக்கு வரமா, சாபமா?' என்று தலைப்பு வந்தால், பிற ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கத்தை நம்புவார்கள், மறுபக்கத்தைப் படித்துக்கொள்வார்கள். எண்ணூர்ப் பிள்ளைக்கு இரு கட்சியும் ஒரே வீட்டில். அப்பா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பெரியப்பா கொசஸ்தலையாற்றில் இறால் பிடிப்பவர். தம்பிக்குச் சோறு போடும் உலையின் சாம்பல் அண்ணன் வலையில் வந்து சேர்கிறது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இக்கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மறுபடியும் முகத்துவாரத்துக்கு வந்தது. அதற்காக அப்பா வேலையை விட்டுவிடவில்லை. பெரியப்பாவும் அவரோடு பேச்சை நிறுத்திவிடவில்லை.

ஆகவே இப்பிள்ளை எப்பக்கம் நிறுத்தினாலும் பேசும். ஒரே எட்டு நிமிடத்தில் இரண்டு பக்கமும் பேசிவிடாமல் தடுப்பதே பயிற்சியாளரின் வேலை.

5. முடிவுரை

வடசென்னையில் வாதத்துக்கும் பயிற்சிக்கும் பஞ்சமில்லை. குறைகள் இரண்டே. போட்டி மொழி ஆங்கிலம். 'செவுளைத் தூக்கிப் பாரு' என்பதை அதே சூட்டோடு ஆங்கிலத்தில் சொல்ல யாரேனும் கற்றுத் தர வேண்டும். மற்றொன்று விமானக் கட்டணம். வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 2022இல் கல்வித்துறை துபாய், ஷார்ஜாவுக்கு அழைத்துப் போயிருக்கிறது. எனவே இது தீராத சிக்கலன்று.

டிக்கெட் எடுத்துத் தரும் புண்ணியவான்கள் முன்வரலாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரையிலான மெட்ரோ செலவை அணியே ஏற்றுக்கொள்ளும்.