ஒற்றைச் செருப்பு நிலை: விடைபெறுதல் குறித்து ஓர் ஆய்வு

தமிழர் விருந்தோம்பலைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் ஒரு மதில் கட்டலாம். வந்தவரை எப்படி வரவேற்பது, இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், முதலில் எதைப் பரிமாறுவது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. வந்தவர் எப்படிப் போகிறார் என்பதைத்தான் யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. திருவள்ளுவரே 86ஆம் குறளில், போகும் விருந்தைப் பேணிவிட்டு வரும் விருந்துக்காகக் காத்திருப்பவனைப் புகழ்கிறார். போகும் விருந்து வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைச் சொல்லாமல் விட்டார். அவர் காலத்திலும் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அடுத்த விருந்து அதுவரை தெருமுனையில் நின்றிருக்கும். அவன் காத்திருக்க நேர்ந்தது அதனால்தான் என்க.

“சரி, அப்ப நாங்க கிளம்பறோம்” என்ற அறிவிப்புக்கும் உண்மையாகவே கிளம்புவதற்கும் இடைப்பட்ட காலமே நம் ஆய்வுப் பொருள். களம், மன்னார்குடியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். நாள், தை மூன்று, காணும் பொங்கல்.

நாளின் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உற்றார் உறவினரைக் காண்பதால் காணும் பொங்கல் என்பது பொதுவான விளக்கம். ஆனால் பேச்சுத் தமிழில் “செருப்பைக் காணும்” என்றால் செருப்பு தொலைந்துவிட்டது என்று பொருள். யாழ்ப்பாணத்தில் “காணும்” என்றால் போதும் என்று பொருள். பார்த்தல், தொலைந்துபோதல், போதும் என்றாகிவிடுதல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து, அதை ஒரு பண்டிகைக்கும் பெயராக வைத்தவர் சொந்தக்காரர்கள் நிறைய உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் இந்த நாளில் மெரினாவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கடலில் இறங்கக் கூடாது என்று போலீஸ் தடுப்பு கட்டி, பிள்ளைகள் தொலைந்துவிடாமல் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டையையும் கட்டிவிடும். ஊருக்குப் போகிறவர்களுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னே திறக்கும் (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்). திறந்த வேகத்தில் மன்னை எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் வந்து நிற்கும். பிறகு கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், பிறகு சுங்கச்சாவடி, பிறகு ஊர். ஊர் சேர்ந்ததும் என் மனைவி ஒரு தாளை நீட்டினாள். ஏழு வீடுகள். வீட்டுக்கு இருபது நிமிடம், ஆக மொத்தம் இரண்டு மணி இருபது நிமிடம். ஒரு வீட்டை விட்டாலும் “அங்க வரைக்கும் போனீங்களாமே” என்ற வாக்கியம் அடுத்த பொங்கல் வரை நம்மைத் துரத்தும். வீட்டுக்கு ஒரு சீப்புப் பூவன்பழமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுமாகப் பை கனத்தது. விடுமுறை என்று இதற்குப் பெயர்.

கூடத்தில் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஏழு வீட்டிலும் அதுவேதான் நடக்கிறது. எப்ப வந்தே, எப்பக் கிளம்பறே, இளைச்சுட்டியே. பிறகு மேட்டூர். வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் அணை இந்த வருஷம் எப்போது மூடும். சம்பா அறுப்பு நேரத்தில் மழை பெய்துவிடுமோ. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறானே. பேச்சு நின்றால் “அப்புறம்?” “நீதான் சொல்லணும்.” காபி வரும். நாலாவது வீட்டிலிருந்து “சர்க்கரை கம்மியா” என்று சொல்லிப் பார்க்கலாம், பயனில்லை. தொலைக்காட்சியில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு தரப்பும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதால் யாரும் யாரையும் கண்டதாகச் சொல்ல முடியாது. இதுவா காணும் பொங்கல் என்றால், அன்று, அது இனிமேல்தான்.

“கிளம்பறோம்” என்று எழுகிறோம். “உட்காருங்க, என்ன அவசரம்?” என்கிறார்கள். இதற்கு உட்காருவது பிழை. வாசலுக்கு வருகிறோம். பதினான்கு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே நம்முடையதைத் தேடுகிறோம். பெரும்பாலும் அதைப் போட்டுக்கொண்டு யாரோ கடைக்குப் போயிருப்பார்கள். கிடைத்தால் ஒரு காலை நுழைக்கிறோம். மறு கால் இன்னும் படியில். இந்தக் கணத்தையே ஒற்றைச் செருப்பு நிலை என்கிறோம். கூடத்தில் ஒன்றரை வார்த்தை பேசிய பெரியப்பா இங்கேதான் குரலைத் தாழ்த்தி, “உன்கிட்டதான் சொல்றேன், கெழக்கு வயலைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்” என்றார். அத்தை, பிள்ளை மூன்று மாதமாகப் பேசுவதில்லை என்று இங்கேதான் சொன்னாள். குங்குமச் சிமிழை எடுத்து வரும் சாக்கில் என் மனைவியை ஓரமாக இழுத்துப்போய் ஒரு சித்தி சொன்னதை இக்கட்டுரையாளரால் இன்றுவரை அறிய முடியவில்லை.

பெரியவர்கள் நிலைப்படியில் நிற்காதே என்பார்கள். கொடுக்கல் வாங்கலும் அங்கே கூடாது. ஒன்று உள்ளே வா, இல்லை வெளியே போ. காரணம் கேட்டால் இரணியன் கதை வரும். உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் வாசற்படியில், பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் அந்தியில் அவனை நரசிம்மர் முடித்தார். விளக்கு வைக்கிற நேரத்து வாசற்படி அவ்வளவு அபாயமான இடம். அப்படித் தடுத்துவைத்த அதே இடத்தில், அதே நேரத்தில், தடுத்த பெரியவர்களே தூணைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றால், வேறெங்கும் பேச முடியாதது அங்கே ஏதோ இருக்கிறது என்பது பெறப்படும்.

இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. பிரிதல் பாலைக்கு உரியது, இருத்தல் முல்லைக்கு உரியது. போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பது எந்தத் திணை? திணை மயக்கம் என்று தப்பித்துக்கொள்ளலாம். வீடுதோறும் திண்ணை இருந்த காலத்தில் இதைத் திண்ணை மயக்கம் என்றே சொல்லியிருக்கலாம். தமிழன் “போறேன்” என்று சொல்வதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே “போயிட்டு வர்றேன்”, யாழ்ப்பாணத்தில் “போட்டு வாறன்”. வாக்கியத்தின் முற்றுவினையே வருதல் என்றால் கால் எப்படி நகரும்?

இனி ஐந்தாவது வீடு. பள்ளித் தோழன். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பட்டியலில் அவனை நான் சேர்க்கவில்லை, மனைவி சேர்த்திருந்தாள். கூடத்தில் இருவரும் மேட்டூரைப் பற்றிப் பேசினோம், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைப் பற்றி, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து வைத்ததுபோல் பேசினோம். பிறகு எழுந்தேன். வாசலில் ஒரு காலில் செருப்பு. அவன் என்னைப் பார்க்காமல் நான் ஓட்டிவந்த பைக்கின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்று பார்த்தான்.

“அம்மா காரியத்துக்கு நீ வரல.”

“ஆமாண்டா.”

“லீவு கெடைக்கலன்னு சொன்ன. பொய்தான?”

“பொய்தான்.”

“ம். காத்து கம்மியா இருக்கு, அடிச்சுட்டுப் போ. இரு, முறுக்கு போட்டுத் தரச் சொல்றேன்.”

உள்ளே போனான். முறுக்கு வந்தபோது அவன் அம்மா கடைசியாக என்னைக் கேட்ட கதையும் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. பைக்கைக் கிளப்பினேன், “அப்புறம்...” என்றான், அணைத்தேன். இப்படி மூன்று முறை. என் மனைவி கடிகாரத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு அவன் மனைவியோடு படியில் நின்று தனியாக ஓர் ஒற்றைச் செருப்பு நிலையைத் தொடங்கியிருந்தாள்.

இது ஏன் இப்படி? மருத்துவர்களைக் கேட்டால் தெரியும். சீட்டை வாங்கி எழுந்து, கதவைத் தொட்ட பிறகுதான் நோயாளி “இன்னொண்ணு டாக்டர்” என்று உண்மையான வலியைச் சொல்வார். மேல்நாட்டு மருத்துவத்தில் இதற்குக் கதவுக் குமிழின் பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. சொன்னவுடன் போய்விடலாம் என்பதுதான் சொல்லும் துணிவைத் தருகிறது. வாசலில் எதிரெதிரே முகம் பார்க்க வேண்டியதில்லை. பார்ப்பதற்குச் செருப்பு, டயர், தெருநாய் என்று நிறைய இருக்கின்றன. அழுகை வந்தால் தெருப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

ஆகவே பண்டிகைக் கால அலைச்சலுக்கு இந்த ஆய்வு தரும் மருந்து, கூடத்தைக் குறைத்து வாசலை நீட்டுவது. ஏழு வீட்டை மூன்றாக்கலாம், விட்டுப்போன நாலு பேரின் கோபத்தையும் அவர்கள் வாசலிலேயே அடுத்த முறை தீர்த்துக்கொள்ளலாம். போனதும் சீக்கிரமாகவே “கிளம்பறோம்” என்று அறிவித்துவிடலாம். அறிவிப்பு காபிக்குப் பின் வர வேண்டும் என்பது முக்கியம். காபி வருமுன் எழுந்தால் அதற்கு விடைபெறுதல் என்று பெயரில்லை, சண்டை என்று பெயர். அடுக்குமாடிவாசிகள் மட்டும் பாவம். அவர்களுக்கு மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு பேசும் அளவுக்கே வாய்த்திருக்கிறது. அதுவும் நாலாம் மாடியிலிருந்து யாராவது கதவைத் தட்டும் வரைதான்.

ஏழாவது வீடு சித்தப்பாவுடையது. இரவு ஒன்பது மணிக்கு அங்கே வாசலில் நின்று, அப்பாவுக்கும் அவருக்கும் இருந்த பழைய வழக்கைப் பற்றி அவர் வாயைத் திறந்த நேரம், சித்தி எங்கள் கால் வலிக்குமே என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தோம். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மேட்டூர் இந்த வருஷம் எப்போது மூடும் என்று கேட்டார். வழக்கைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள். வாசலில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், முறுக்கு கொடுங்கள், கொசுவர்த்திகூட ஏற்றி வையுங்கள். நாற்காலி மட்டும் போடாதீர்கள்.