அப்பத்தா கண்ணும் என் கால்சட்டையும்

பர்மிங்ஹாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

"பேத்தி லண்டனில் டாக்டருக்குப் படிக்கிறா, அவ வந்துதான் என் கண்ணில் கத்தி வைக்கணும்" என்று அப்பத்தா நிலக்கோட்டை முழுக்கச் சொல்லித் திரிகிறதாமே? நிஜமா என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் மழுப்பிவிட்டேன். முதலில், இது லண்டன் இல்லை. இரண்டாவது, கத்தியை நான் தொட்டதே இல்லை. கண் ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு மூலையில் நிற்கிற வேலை. நீலத் துணி போர்த்திய எதன் பக்கமும் போகக் கூடாது.

அந்த மூலையில் போய் நிற்பதற்கே பெரும்பாடு. தியேட்டர் உடுப்பை இங்கே ஒரு மெஷின்தான் தருகிறது. கார்டைக் காட்டினால் ஒரு ஜோடி விழும். அதைத் திருப்பிப் போடாமல் அடுத்தது வராது. சின்ன சைஸ் விடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது. எனக்கு விழுந்தது நம்ம பெரியப்பாவுக்கே தொளதொளக்கும் கால்சட்டை, அதிலும் நாடா இல்லை. திருப்பிப் போட்டேன், வாங்கிக்கொண்டு அதே சைஸையே மறுபடி தள்ளியது. ரேஷன் கடையிலாவது "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று கெஞ்சலாம். இதனிடம் எந்த முகத்தைப் பார்த்துக் கெஞ்ச? இடுப்பில் முடிச்சுப் போட்டு, ஒரு கையால் பிடித்தபடியே உள்ளே போனேன்.

போனதும் நர்ஸ் கூப்பிட்டு, மேஜையில் படுத்திருந்த பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சொட்டு மருந்தில் கண் மட்டும்தான் மரத்திருக்கும், ஆள் முழு விழிப்பு. இருமல் வந்தால் தலையை அசைக்காமல் என் கையை அமுக்க வேண்டும். ஆக ஒரு கை பாட்டிக்கு, ஒரு கை கால்சட்டைக்கு. மாஸ்க்குக்குள் மூக்கு அரித்ததை யாரிடம் சொல்ல?

ஆனால் தியேட்டர் டிவியில் பார்த்தது இருக்கிறதே! புரையை உடைத்து உறிஞ்சிய பிறகு, சுருட்டிய லென்ஸை ஊசி மாதிரி ஒன்றால் உள்ளே தள்ளினார்கள். அது மெல்ல விரிந்து தானே போய் உட்கார்ந்துகொண்டது. பாட்டி கை குளிர்ந்து, சுருங்கி, நரம்பு புடைத்து, அப்படியே அப்பத்தா கை. முடிந்த பிறகும் விட மனசு வரவில்லை.

ஒரே ஒரு கண்ணுக்குப் பை பையாய்க் குப்பை, அம்மா. மறுநாள் வகுப்பில் பேராசிரியர் 2017-இல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினார். இதே ஆபரேஷனுக்கு இங்கிலாந்தில் வெளியாகிற கரியமில வாயுவில் சுமார் 5 சதவீதம்தான் அரவிந்த் ஆஸ்பத்திரியில் ஆகிறதாம். "எங்க ஊர்ப் பக்கம்!" என்று கத்தியேவிட்டேன். பிறகு சும்மா இருப்பேனா? முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, ரிட்டயர் ஆன கையோடு 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அதை ஆரம்பித்ததையும், ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை போட்டு, ஒன்றில் முடிவதற்குள் அடுத்ததில் ஆளைத் தயாராகப் படுக்க வைப்பதையும் அளந்துவிட்டேன். இங்கேயானால் இந்த ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் படிக்க அப்பா கடன் வாங்கி என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்!

எனவே அப்பத்தாவிடம் சொல்: நான் கத்தி பிடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும், அதுவரை அவ கண்ணில் இருக்கிற புரை காத்திருக்காது. திண்டுக்கல்லிலேயே அரவிந்த் இருக்கிறது, இந்த வாரமே கூட்டிப் போ. துணைக்கு அப்பா வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி எடுத்தாலே அவரைப் படுக்க வைக்க ஒரு கட்டில் வேண்டும். நீயே போ.

உன் மகள்