உருகாத பனிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பூதிகோட்டை வாசி ஒருவன், பங்காருப்பேட்டை வட்டம், கோலார் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், சுற்றுலாத் துறை, கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: சைனைட் மலையில் பனிவண்டிச் சவாரியும் கூடாரத் தங்கலும் தொடங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

2025 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி விழாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலோ பனி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்தான் கிடந்தது. இயற்கையை நம்பினால் இதுதான் கதி. மனிதன் குவித்த மலையை நம்பிப் பாருங்கள்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே, கோலார் தங்கவயலில், சைனைட் மலை என்று நாங்கள் சொல்லும் 13 மேடுகள் அப்படி நிற்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிஞ்சியதைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் குவித்தவை. சுமார் 3.3 கோடி டன் தேறும். சாம்பல் கலந்த வெள்ளை. பல இடங்களில் புல் பூண்டு கிடையாது. மார்கழிக் காலையில் படம் பிடித்தால் சுவிட்சர்லாந்து என்றே விற்கலாம். சினிமாக்காரர்கள் உங்களை முந்திக்கொண்டார்கள், ‘கே.ஜி.எஃப்’ படப்பிடிப்பு இங்கேயும் நடந்தது.

முக்கியமான விஷயம், எங்கள் பனி உருகாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகும் அது அப்படியே இருக்கிறது. காற்றடித்தால் பறக்கும், அவ்வளவுதான். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கொடித்துணியிலும் சோற்றுத் தட்டிலும் இலவசமாகப் பொழியும். மழை பெய்தால் கரைந்து ஏரிக்கும் வயலுக்கும் இறங்கும்.

வண்டி விஷயத்தில் உங்கள் நிபுணர்கள் ஒரு தடை சொல்லக்கூடும். பனிவண்டியின் ரப்பர் பட்டை சுழன்று வாரியிறைக்கும் பனிதான் பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கிறது; மண்ணில் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும், பொடி புகுந்து பாகங்கள் தேயும். எனவே இந்தத் தூசி வண்டிக்கு ஆகாது என்று அறிக்கை எழுதுவார்கள். தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். இந்தத் தூசி எதற்கோ ஆகாது என்று ஒரு கோப்பிலாவது பதிவாகட்டும்.

வழிகாட்டிகளாக ஓய்வுபெற்ற தொழிலாளர்களை வையுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில், மேலிருந்து குளிரூட்டி அனுப்பிய காற்றை நம்பி உழைத்தவர்கள். குளிரின் அருமையை அவர்களைவிட யார் அறிவார்? மேடேறும்போது பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்கள். காட்சியை ரசிக்க நிற்கிறார்கள் என்று பயணிகளிடம் சொல்லிவிடலாம். அவர்களுடைய பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டாம். இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

பனி நிலவரம் அறிவிக்க எங்கள் ஊரே போதும். வானலையில் ஒலிபரப்ப உரிமம் கிடைக்காத காலத்தில் கம்பி வழியே வீடுகளுக்கு ஒலிபரப்பிய ‘நம்ம த்வனி’ சமுதாய வானொலி பூதிகோட்டையில் பிறந்ததுதான். அரசு வழிவிடாவிட்டால் கம்பி இழுத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்.

தாமதம் மட்டும் வேண்டாம். இந்த 13 மேடுகளிலும் மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. மண்ணில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறதாம். தூசி என்று நாங்கள் முறையிட்டவரை அது வெறும் மண். தங்கம் என்றதும் நாட்டின் செல்வம். மலை லாரியில் ஏறுவதற்குள் ஒரு குளிர்காலமாவது சவாரி நடக்கட்டும்.

கடைசியாக, பயணிகளுக்கு முகக்கவசம் வழங்குவீர்கள் என்று நம்புகிறேன். கணக்கில் மிச்சப்பட்டால், அடிவாரத்து லைன் வீடுகளுக்குக் கொடுக்கவும். குழந்தைகள் அளவிலும் தேவைப்படும்.

இப்படிக்கு,
சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன்

நகல்: ஒன்றிய சுரங்க அமைச்சகம், புது தில்லி (தங்கம் சம்பந்தப்பட்டது என்பதால் உடனே படிப்பார்கள்).