தறியில்லாத நெசவுப் பரீட்சை

ஜக்கார்டுப் பெட்டியில் ஒரு துளையட்டை கிழிந்தால் மறு அட்டை அடித்துக் கோத்துக்கொள்ளும் காஞ்சிபுரத்துப் பக்கம், முசரவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபிளாப்பியின் விசாரத்தைக் கவனிப்பவனுக்குச் சிரிப்பு வருவது அபசாரமாகாது. 1.44 மெகாபைட் கொள்ளும் அந்த மூன்றரை அங்குல வட்டை இயக்கும் லினக்ஸ் நிரலை, அதைப் பராமரித்துவந்த யிரி கோசினாவிடம் வேலைசெய்யும் கருவியே இல்லாது போனபடியால், 2019 ஜூலையில் லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் 'அநாதை' என்று பதிவுசெய்தார். பிறகு டெனிஸ் எஃப்ரெமோவ் என்பார் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். கருவியைக் காணாமல் அதன் நிரலைப் பரிசீலிப்பது, பெண்ணைக் காணாமல் ஜாதகத்தை மட்டும் வைத்துக் கல்யாணத்தை நிச்சயிப்பதற்கு ஒப்பாகும். மெய்யான டிரைவுக்குப் பதிலாகக் கணினிக்குள் சுழலும் மாய டிரைவே போதுமென்பாரும் உண்டு. ஆனால், 2004 முதல் அம்மாய டிரைவின் நிரலில் ஒளிந்திருந்த 'வெனம்' என்னும் ஓட்டை 2015இல்தான் அகப்பட்டது என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஆகையால் அன்பரே, உம் வீட்டுப் பரணில் ஓடுகின்ற ஃபிளாப்பி டிரைவ் ஒன்று இருக்குமாயின், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர். நெசவு சாஸ்திரம் பேசுவோர் அநேகர், தறி வைத்திருப்போர் சிலரே.