சீனிய நிப்பாட்டின மருமகனுக்கு

வா மருமகனே. தீபாவளிக்குக் கொழும்புல இருந்து வந்து எறங்குனதும், "எனக்கு சீனி போடாத தேத்தண்ணி"ன்னு மாமிகிட்ட சொன்னியாமே. லயம் முழுக்க அதே பேச்சுதான், ஏதோ சாமியாரு வந்து எறங்குன மாதிரி. சந்தோசம். ஆனா வெறும் சாயத்தண்ணிக்கு கித்துல் கருப்பட்டிய ஒண்ணு, ரெண்டு, அப்புறம் யாரும் பாக்கலன்னு மூணாவதும் கடிச்சியே, அது எந்த விரதம்? கருப்பட்டி இயற்கை, ஒடம்புல ஏறாதுன்னு ஒனக்குச் சொன்னவன் கருப்பட்டி யாவாரியாத்தான் இருக்கணும். சீனிக்கும் அதுக்கும் கலோரிக் கணக்குல பெரிய வித்தியாசம் கெடையாது.

கீழ நம்ம பொல்பிட்டிய பவர் ஸ்டேசனையே பாரு. 1969ல இருந்து ஓடுது. காசல்ரீ பக்கத்துத் தண்ணியும் மவுசாக்கலை பக்கத்துத் தண்ணியும் லக்ஸபான குளத்துல ஒண்ணாச் சேந்துதான் அதுக்கு வருது. எந்த ஆத்துத் தண்ணின்னு மெசினு கேக்குதா? எவ்வளவு வருதுன்னு மட்டுந்தான் அதுக்குக் கணக்கு. ஒன் வயிறும் அப்படித்தான்.

கணக்குன்னதும் கடைக்காரனுக்கு மூஞ்சி மலருதே! சரி, போடு. ஒரு நாளைக்கு மூணு கோப்பை, கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டி சீனி. மொத்தம் ஆறு கரண்டி, சுமார் 120 கலோரி. அதத்தான் நீ மிச்சம் புடிச்ச. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலயும் அதே 120 இருக்கு. மாமி சுட்ட வடைய நீ எண்ணித் தின்னியா? அப்புறம் கோதுமை மா ரொட்டி. 100 கிராம் மாவுல 350 கலோரிக்குக் கொறையாது. தேங்காய்ப்பூ, சம்பலெல்லாம் தனிக் கணக்கு. சீனிய வாசல்ல நிப்பாட்டிட்டு ரொட்டிய பின்கதவு வழியா கூட்டியாந்துட்ட.

அமெரிக்காவுல மார்க் ஹாப்னு ஒரு பேராசிரியர், கேன்சாஸ்காரர், சத்துணவு சொல்லிக் குடுக்கிறவரு. 2010ல பெரும்பாலும் கிரீம் வச்ச கேக்கு, பிஸ்கட்டு மாதிரி சாமானையே தின்னு, நாளைக்கு 1800 கலோரிக்குள்ள நிப்பாட்டி, 10 வாரத்துல 12 கிலோ எறங்கிட்டாரு. ஒடனே பேக்கரிக்கு ஓடாத! தான் செஞ்சத அடுத்தவனும் செய்யணும்னு அவரு சொல்லல. மொத்தம் கொறஞ்சா நிறை கொறையுதுன்னு காட்டினாரு, அவ்வளவுதான்.

அதுக்காக சீனி பச்சப்புள்ளன்னு நெனைக்காத. நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க பல ஆராய்ச்சிய ஒண்ணாக் கூட்டி 2013ல வெளியிட்டாங்க. சீனிய எடுத்துட்டு அதே கலோரிக்கு வேற மாவுப்பண்டத்தக் குடுத்தா நிறை அசையல. வேற எதையும் கட்டுப்படுத்தாம சீனிய மட்டும் கொறைக்கச் சொன்னா சராசரியா 0.8 கிலோ எறங்குது. ஏன்னா சீனியோட சேந்து மொத்தமும் கொறையுது. அதுவும் சோடாவுல கரைஞ்சு வர்ற சீனி பெரிய கள்ளன். 400 மில்லி போத்தல்ல எட்டுக் கரண்டி கூட இருக்கும். குடிச்சப்பெறகும் வயிறு "சோறு எங்க?"ன்னு கேக்கும். நம்ம அரசாங்கம் 2016ல போத்தலுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு நெறம் ஒட்ட வச்சுது. 100 மில்லிக்கு 11 கிராம் சீனியத் தாண்டுனா சிவப்பு. பத்தரை போட்டா மஞ்சள். அந்த அரைக் கிராமுல இருக்கு யாவாரம். ஒன் கடைக் குளிர்பெட்டியில எது அதிகம்னு நான் கேக்கல.

மாமி தேத்தண்ணியில ரெண்டு கரண்டி போட்டுத்தான் குடிக்கிறா, அவ ஏன் நூலாட்டம் இருக்கான்னு கேப்ப. கூடைய மாட்டிக்கிட்டு காலையில மலை ஏறுறவ, கொழுந்து நிறுத்துட்டு எறங்குறா. நீ நாள் பூரா கல்லாவுல ஒக்காந்து சில்லறை எண்ணுற. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுச் சாப்பாடுன்னா எப்படி? சீனி வருத்தம் இருக்கிறவங்க கதை வேற; கிளினிக்குல டாக்டர் சொல்றபடிதான் அவங்க கேக்கணும். ஒனக்கு அது இல்ல, தொந்திதான் இருக்கு.

இனிமே தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி போட்டுக்க, முகத்த சுளிக்காமக் குடி. சோடாவ விடு. ராத்திரிக்கு ரொட்டி ரெண்டு போதும்னு மாமிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, எனக்கும் ரெண்டுதான் வைப்பா.