அம்பத்தூர்த் தண்ணீரும் கறுப்பு வெள்ளைப் படமும்: ஓர் ஆய்வு

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கறுப்பு வெள்ளை பிலிமில் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் பகிரும் ஓர் இனம் இன்னும் உண்டு. விரல் பட்டதும் போனே நிறத்தை உரித்துக் கொடுக்கும் காலத்தில், இவர்கள் 36 படமே கொண்ட சுருளை விலைக்கு வாங்கி, இருட்டில் டேங்கில் சுற்றி, கழுவி, உலர்த்தி, ஸ்கேன் செய்து, கடைசியில் அதே போனுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இத்தனை சுற்று எதற்கு? இக்கட்டுரையின் துணிபு இது: இங்கே மூலம் படமன்று, படத்தின் கீழே எழுதும் குறிப்பு. படம் அக்குறிப்புக்கு வைக்கும் சான்று மட்டுமே.

சான்றுகளைப் பார்ப்போம். வண்ணப் படத்துக்கு ‘ஞாயிறு மாலை’ என்று எழுதினால் போதும். பிலிம் படத்துக்கோ கேமரா, சுருள், டெவலப்பர், வெப்பநிலை, நிமிடம் என ஐந்து அங்கங்கள் வேண்டும். இல்ஃபோர்டின் எச்பி5 சுருளை நீர் கலக்காத டி-76 டெவலப்பர் கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும் என்பது அட்டவணைக் கணக்கு. மே மாதத்து ஆவடியில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீர் அந்த 20ஐக் கனவிலும் கண்டதில்லை. ஐஸ்கட்டி போட்டுத்தான் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கரைசல் அவசரப்படும், ஜெலட்டின் படலம் இளகும். ஆகவே குறிப்பில் ‘20 டிகிரி’ என்றிருப்பது அளவையன்று, அக்னி நட்சத்திரத்தை வென்றவன் வெட்டிய கல்வெட்டு.

பழமைப் பாசமே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. பாசமென்றால் ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்து, பின்னர் மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருளுக்கல்லவா குறிப்புதோறும் அஞ்சலி செலுத்தியிருக்க வேண்டும்? குறிப்புகளிலோ இல்ஃபோர்டும் கோடாக்கும்தான் கோலோச்சுகின்றன. வெள்ளித் துகளின் அழகு போன் கேமராவுக்கு வராது, அதற்காகவே பிலிம் என்பது இரண்டாம் தடை. அதுவும் நில்லாது. ஸ்கேன் ஆன கணமே வெள்ளி பிக்சலாகிவிடுகிறது. உள்ளங்கை அகலத் திரையில், கட்டைவிரல் தள்ளிவிடும் வேகத்தில், துகளைத் தேடுவார் யார்? குறிப்பே மூலமென்றால் போனில் எடுத்துவிட்டு ‘எச்பி5’ என்று பொய் எழுதலாமே என்பது மூன்றாம் தடை. இத்தடை நம் துணிபையே உறுதி செய்கிறது. பொய்யை மறுக்கத்தான் படம் தேவைப்படுகிறது. படத்தில் அதற்கு உதவுவது ஒளியோ கோணமோ அல்ல, கறை. போர் தண்ணீரின் உப்பு, நெகட்டிவ் உலரும்போது பொட்டுப் பொட்டாகப் படிந்துவிடும். கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்பவர் சுத்தமான படம் பெறுவார், ஆனால் ஐயத்துக்கும் ஆளாவார்.

எனவே மேற்குப் புறநகர்ப் படக்காரர்கள் மேற்சொன்ன ஐந்தோடு ஆறாவது அங்கமாகத் தண்ணீர் போரா, கேனா, மெட்ரோ லாரியா என்பதையும் குறிப்பில் எழுதவேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அது இல்லாத படத்துக்கு லைக் போடுவது ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று.